விடியற்காலையில் பெட்டிக்குள் என்ன நடந்தது

புதிதாக வேலைக்குச் சேர்ந்த மருந்தாளுநர்களுக்குப் போன மாதம் ஒரு பயிற்சி நடந்தது. ஓய்வு பெற்ற என்னையும் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டிகளில் இப்போது ஒரு கருவி பொருத்தியிருக்கிறார்கள். உள்ளே குளிர் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அது போனுக்குச் செய்தி அனுப்பிவிடும். அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். "இது வர்றதுக்கு முன்னாடி, நீங்க பூட்டிட்டு வூட்டுக்குப் போன பின்னாடி பொட்டிக்குள்ள இன்னா நடக்குதுன்னு எப்டி மேடம் தெரிஞ்சிக்குவீங்க?"

"தெரியாது" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆனால் மைக்கைப் பிடித்துக்கொண்டு அதற்குமேல் விளக்க நேரமில்லை. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் செங்கத்துக்காரி. வேலூரில் பார்மசி டிப்ளமோ படித்தேன். அடிவாரத்தில் இரண்டு மூன்று ஊர்களில் மாத்திரை எண்ணிக் கொடுத்தே பாதி சர்வீஸ் போய்விட்டது. ஐம்பது வயதை நெருங்கும்போது ஜவ்வாது மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றல் வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். மலைப்பாதை பஸ்ஸில் ஏறி, ஜமுனாமரத்தூரில் இறங்கி, வேறு வண்டி பிடித்துப் போக வேண்டிய ஊர் என்றால் போதும். நாள்தோறும் போய்வர முடியாது. அங்கேயே குவார்ட்டர்ஸில் தங்கிவிட்டு, சனிக்கிழமை மட்டும் இறங்குவேன்.

மருந்தாளுநருக்கு அங்கே மாத்திரையோடு இன்னொரு பொறுப்பும் உண்டு. ஐ.எல்.ஆர். என்று நாங்கள் சொல்லும் குளிர்பெட்டி. மேல்பக்கம் மூடி திறக்கும் பெரிய பெட்டி. சுற்றுச்சுவருக்குள் பனிக்கட்டி உறை இருப்பதால் கரண்ட் போனாலும் வெகுநேரம் குளிர் தாங்கும். உள்ளே இரண்டு டிகிரிக்குக் கீழே போகக்கூடாது, எட்டுக்கு மேலே ஏறக்கூடாது. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை மூடியைத் திறந்து தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதிவைக்க வேண்டும். மலையில் இருந்த நாளில் நான் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

டாக்டர் இன்பவல்லி பொறுப்பேற்ற அன்று நேராக அந்தப் பெட்டியிடம்தான் வந்தார். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஒல்லியான உடம்பு, பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டே யோசிக்கும் பழக்கம். நான் எழுதியிருந்ததைப் பார்த்தார்.

"காலையில நாலு டிகிரி. சாயங்காலம் அஞ்சு டிகிரி. நடுவுல?"

"நடுவுலயும் அப்படித்தான் இருக்கும் மேடம்."

"எப்படித் தெரியும்?"

குத்தலாகக் கேட்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. போகப்போகத்தான் அவர் சுபாவம் புரிந்தது. அந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்பார். காய்ச்சல் குறைந்துவிட்டது என்று சொல்லும் நோயாளியிடமும் கேட்பார், ஜீப் ரெடி என்று சொல்லும் டிரைவரிடமும் கேட்பார். கேட்டுவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, நிஜமாகவே பதிலுக்குக் காத்திருப்பார். எதையாவது சொல்லி மழுப்பினால் முகம் வாடிவிடும். "தெரியல மேடம்" என்று சொன்னால் ஒரு வெளிச்சம் வரும். "சரி, அப்போ எப்படித் தெரிஞ்சுக்கலாம்?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

அன்றைக்கு நானும் கடைசியில் அதைத்தான் சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டார். எங்களிடம் வழி ஒன்றும் இல்லை. ஆனால் கேள்வி என்னை விடவில்லை. குவார்ட்டர்ஸில் சோறு வடிக்கும்போதுகூட, பூட்டிய அறைக்குள் அந்தப் பெட்டி இப்போது என்ன செய்துகொண்டிருக்கும் என்று ஓடும்.

எங்கள் லேப் டெக்னீஷியன் ரஹமத்துல்லா. எல்லோருக்கும் பாய். மைக்ரோஸ்கோப் விளக்கு எரியாவிட்டால் தானே பிரித்துச் சரிசெய்துகொள்ளும் ஆள். அவரிடம் இதைச் சொன்னேன். சாப்பாட்டு வேளையில் போனில் ஒரு வீடியோவைப் போட்டுக்கொண்டு வந்தார். யாரோ ஒருவர், கட்டைவிரல் அகலமே இருக்கும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் போர்டை வைத்து, செடித்தொட்டி காய்ந்தால் தானாகத் தண்ணீர் விடும்படி செய்திருந்தார்.

"செடிக்கு ஈரம் பாக்குதுன்னா, நம்ம பொட்டிக்குக் குளிர் பாக்காதா மேடம்?"

"பாய், உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"இன்னா மேடம், தெரிஞ்சா உங்ககிட்ட எதுக்கு வர்றேன்?"

சென்னைக் கடை ஒன்றிலிருந்து தபாலில் சாமான் வரவழைத்தோம். செங்கத்தில் என் வீட்டு விலாசத்துக்கு வந்ததை ஒரு திங்கட்கிழமை பையில் போட்டு மேலே கொண்டுபோனேன். ஒரு போர்டு. துளைத்துளையாக ஒரு வெள்ளைப் பலகை, பிரெட்போர்டு என்று பெயர். ஒயரைச் செருகினால் போதும், பற்றவைக்கத் தேவையில்லை. கொத்தமல்லி விதைபோல எல்.இ.டி. விளக்குகள். உடம்பில் கலர்கலராக வளையம் போட்ட, மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர்கள். எஃகு மூக்கு வைத்த, தண்ணீரில் நனைந்தாலும் கெடாத வெப்ப சென்சார் ஒன்று.

முதல் விளக்கை எரித்தே கெடுத்தோம். நடுவில் ரெசிஸ்டர் போட வேண்டும் என்பதைப் படிக்காமல் கரண்டை நேரடியாகக் கொடுத்தோம். பளிச்சென்று ஒருமுறை மின்னி, கருகல் வாசனையோடு போய்ச் சேர்ந்தது. பாய் அதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். "உள்ள ஒரு முடி மாதிரி கம்பி இருந்துது மேடம், அறுந்துபோச்சி" என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். அடுத்த விளக்கு எரிந்தது. அதை விட்டுவிட்டு எரிய வைக்க போர்டுக்கு நாலு வரி நிரல், அதாவது புரோகிராம், எழுத வேண்டியிருந்தது. ஒரு வரி முடிவில் புள்ளியும் கமாவும் சேர்ந்த அந்தக் குறியை விட்டதற்காக, அது மூன்று சாப்பாட்டு வேளை எங்களை அலையவிட்டது. வீடியோக்களில் ஆங்கிலம் வேகமாக ஓடியதால் வேகத்தைப் பாதியாக்கிக் கேட்போம். சொல்லிக்கொடுப்பவர் குடித்துவிட்டுப் பேசுவதுபோல இருக்கும். ஆனால் புரியும்.

சென்சாரை மாட்டியதும் முதலில் வந்த எண் மைனஸ் நூற்றி இருபத்தேழு.

"நம்ம மலையில மார்கழி மாசம்கூட இவ்ளோ குளிராது மேடம்" என்றார் பாய்.

தேடிப் பார்த்தோம். சென்சாரோடு பேச்சே நடக்கவில்லை என்பதைச் சொல்லும் எண்ணாம் அது. சென்சாரின் தகவல் ஒயருக்கும் கரண்ட் ஒயருக்கும் நடுவே மஞ்சள், ஊதா, சிவப்பு வளையம் போட்ட ரெசிஸ்டர் ஒன்று வைத்தால் பேசும் என்று போட்டிருந்தது. வைத்தோம். இருபத்து நாலு என்று வந்தது. எஃகு மூக்கை உள்ளங்கையில் பொத்திப் பிடித்தேன். இருபத்தாறு, இருபத்தொன்பது, முப்பத்தொன்று. என் கையின் சூடு எண்ணாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருஷ சர்வீஸில் அப்படி ஒரு குதூகலம் எனக்கு வந்ததில்லை.

டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். பேனா மூடி வாய்க்குப் போனது. "நல்லா இருக்கு. இது சரியாத்தான் சொல்லுதுன்னு எப்படித் தெரியும்?"

அதற்கு வழியை அவரே சொன்னார். பனிக்கட்டியை நன்றாகத் தட்டி, டம்ளர் நிறையப் போட்டு, இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்ற வேண்டும். கலக்கிக் கொஞ்ச நேரம் விட வேண்டும். உருகிக்கொண்டிருக்கும் பனிக்கட்டி எந்த ஊரிலும் பூஜ்யம் டிகிரிதான். அதில் மூக்கை முக்கினால் சென்சாரும் பூஜ்யம் காட்ட வேண்டும். எங்களுடையது அரை டிகிரி கூடுதலாகக் காட்டியது. அந்த அரையைக் கழித்துச் சொல்லும்படி நிரலில் ஒரு வரி சேர்த்தோம்.

எண் கிடைத்துவிட்டது. ஆனால் ஆள் இல்லாத நேரத்தில் அதை யார் பார்ப்பது? இங்கேதான் வலைப்பக்கம் எழுதும் வேலைக்குள் விழுந்தோம். அந்தப் போர்டு தனக்கென ஒரு வைஃபையை உண்டாக்கும். மலையில் இன்டர்நெட் வரும், போகும். அதை நம்பத் தேவையில்லை. போனில் அந்த வைஃபையைப் பிடித்தால் போர்டு தன்னிடமுள்ள பக்கத்தைக் காட்டும். அந்தப் பக்கத்தை எழுதித் தருவது நம் வேலை.

வலைப்பக்கம் எழுதும் எச்.டி.எம்.எல். மொழி நான் பயந்த அளவுக்கு இல்லை. மாத்திரை உறைமேல் எழுதுவது போலத்தான். இது தலைப்பு, இது பத்தி, இது தடித்த எழுத்து என்று குறி போட்டுத் திறக்க வேண்டும், முடித்ததும் மூட வேண்டும். மூட மறந்தால் பக்கம் முழுக்கத் தடித்த எழுத்தாகிவிடும். முதல் பக்கத்தில் நான் 'வணக்கம்' என்று தமிழில் எழுதினேன். போனில் திறந்தால், தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'க்களும் வட்டத்துக்குள் மாட்டிய 'ஆர்'களும் வரிசையாக நிற்கின்றன. ஏதோ உடைத்துவிட்டோம் என்று பயந்தேன். பிறகுதான் தெரிந்தது, எந்த எழுத்து முறையில் படிப்பது என்று பக்கத்தின் தலையில் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். சொன்னோம். 'வணக்கம்' வந்தது. பாய் போனை ஆபீஸ் முழுக்கத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தார்.

அடுத்து, போர்டு சேமித்துவைத்த எண்களைக் கோடாக வரைந்து காட்ட ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு மொழியில் கொஞ்சம் எழுதினோம். கார்த்திகை போய் மார்கழி பிறந்திருந்தது. சென்சாரைப் பெட்டியின் அடிக்கூடையில், மருந்துப் புட்டிகளுக்கு நடுவே வைத்து ஒயரை மூடி இடுக்கு வழியாக எடுத்தோம். ஒரு வாரம் ஓடவிட்டோம்.

திங்கட்கிழமை நான் செங்கத்திலிருந்து வந்து சேர்ந்ததும் பக்கத்தைத் திறந்தோம். நாள் முழுக்கக் கோடு சீராகப் போகிறது. விடியற்காலையில் மட்டும் ஒரு மேடு. அடுத்த விடியற்காலையிலும் ஒரு மேடு. ஏழு நாளும் ஏழு மேடு.

"விடிகாத்தால சூடாவுதா?" என்றார் பாய். "அந்நேரத்துக்குக் கரண்ட் போவுதுபோல."

டாக்டர் போனை வாங்கிப் பார்த்தார். "கரண்ட் போனா உங்க போர்டும்தானே நின்னிருக்கும்? ரெண்டுக்கும் ஒரே பிளக். கோடு அறுந்திருக்கணுமே."

கோட்டின் ஓரத்தை விரலால் தேடினார்.

"இந்த மேடு எத்தனை டிகிரி? ஓரத்துல எண்ணே போடலையே. எண்ணைக் காட்டுங்க."

கோட்டுக்குப் பதிலாக எண்களை வரிசையாகக் காட்டும்படி பக்கத்தை மாற்றினோம். நாலு, மூன்று, ஒன்று, பூஜ்யம், மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு. பாய் என்னைப் பார்த்தார். பிறகு உறைத்தது. திரையில் வரையும்போது கணக்கு மேலேயிருந்து தொடங்குகிறது. எண் பெரிதானால் புள்ளி கீழே போகும். நாங்கள் தலைகீழாக வரைந்திருந்தோம். ஏழும் மேடு இல்லை, பள்ளம். பெட்டி விடியற்காலையில் சூடாகவில்லை, உறைந்துகொண்டிருந்தது.

வெளியாள் யாராவது இதைப் படித்தால், குளிர் கூடினால் நல்லதுதானே என்று நினைக்கலாம். போலியோ சொட்டு மருந்துக்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் குழந்தைக்குத் தொடையில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசி போன்ற சில மருந்துகள் ஒருமுறை உறைந்தால் போதும், வேலை செய்யாது. உருகிய பிறகு பார்த்தால் எப்போதும்போல வெள்ளையாக இருக்கும். போட்டால் வலிக்கும், காய்ச்சல்கூட வரும். பாதுகாப்பு மட்டும் கிடைக்காது.

டாக்டர் பதறவில்லை. "முதல்ல திரும்பவும் பனிக்கட்டி" என்றார். சென்சாரை டம்ளரில் முக்கினோம். பூஜ்யம் காட்டியது. சென்சார் பொய் சொல்லவில்லை. "சரி. புட்டிக்கு வெளியே இருக்கிற குளிர் வேற, மருந்தோட குளிர் வேற. மருந்து உறைஞ்சுதான்னு மருந்துகிட்டயே கேட்போம்."

அதற்கு ஒரு முறை இருக்கிறது. பயிற்சியில் படித்திருந்தேன், செய்து பார்த்ததில்லை. சந்தேகப்படும் மருந்தில், அதே வகை, அதே பேட்ச் புட்டி ஒன்றை எடுத்து, வேண்டுமென்றே உறைபெட்டியில் வைத்துக் கல்லாக்க வேண்டும். திரும்ப எடுத்துத் தானாக உருகவிட வேண்டும். பிறகு அதையும் சந்தேகப் புட்டியையும் ஒரே கையில் பிடித்து நன்றாகக் குலுக்கி, பக்கத்தில் பக்கத்தில் மேசைமேல் வைத்துப் பார்க்க வேண்டும். கெடாத மருந்து பாலைப்போல வெகுநேரம் கலங்கியே நிற்கும். உறைந்து கெட்டது திரிந்த பாலைப்போலத் துகளாகி அடியில் இறங்கிவிடும்.

திங்கட்கிழமை உறைய வைத்தேன். மறுநாள் காலையில் எடுத்து, மூடிமேல் சிவப்பு மையால் குறி போட்டு, உருகவிட்டேன். மத்தியானம் டாக்டர் மேசையில் மூன்று பேரும் குனிந்து உட்கார்ந்தோம். குலுக்கி வைத்தேன். சிவப்புக் குறி போட்டது சீக்கிரமே இறங்கத் தொடங்கியது. மேலே தெளிந்த தண்ணீர், கீழே வெள்ளை. அடுத்த புட்டியைப் பார்த்தேன். இறங்காதே, இறங்காதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அதுவும் அதே வேகத்தில் இறங்கியது.

எல்லா பேட்ச்சிலும் எடுத்துப் பார்த்தோம். எல்லாமே இறங்கின.

காரணத்தைப் பாய் கண்டுபிடித்தார். பகலில் எங்கள் ஊரில் வோல்டேஜ் குறைவு. பெட்டியின் மோட்டார் திக்கித் திக்கித்தான் ஓடும். ஊர் தூங்கி விடியும் நேரத்தில் வோல்டேஜ் முழுசாக வருகிறது. குளிர் போதும் என்று மோட்டாரை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட் பழுதாகிக் கிடந்திருக்கிறது. அது பகலில் தெரியவில்லை. விடியற்காலையில் மோட்டார் நிற்காமல் ஓடி உறைய வைத்துவிட்டு, நான் பத்து மணிக்குத் திறக்கும்போது நல்ல பிள்ளையாக நாலு டிகிரி காட்டியிருக்கிறது. பாய் அன்று அதிகாலையிலேயே எழுந்துபோய் ஸ்டெபிலைசர் முள்ளைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு வந்திருந்தார்.

டாக்டர் சிக்னல் கிடைக்கும் பாறை வரைக்கும் நடந்துபோய் மேலதிகாரிக்குப் போன் செய்தார். நானும் கூடப் போனேன். எதிர்ப்பக்கம் பேசியது எனக்குக் கேட்கவில்லை. இவர் சொன்னது கேட்டது. "இல்ல சார், போர்டு சொன்னதை வெச்சு முடிவு பண்ணல. போர்டு சந்தேகம்தான் கிளப்பிச்சு. புட்டியைக் குலுக்கிப் பாத்தோம்... ஆமா சார். எப்போலேர்ந்துன்னு தெரியாது. தெரியாததால இந்த ஸ்டாக்ல ஊசி போட்ட எல்லாப் பிள்ளைங்களுக்கும் திரும்பப் போடணும்... என் பேர்லதான் எழுதுவேன் சார்."

போனை வைத்துவிட்டு அந்தப் பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். "எத்தனை அம்மாங்ககிட்ட சொல்லணும்" என்றார்.

மறுநாள் புதன்கிழமை, தடுப்பூசி நாள். வந்த தாய்மார்களுக்குச் சொட்டு மருந்து மட்டும் கொடுத்து, விஷயத்தை அவரே சொல்லி அனுப்பினார். அடுத்த வாரத்துக்குள் கீழிருந்து புது மருந்து வந்தது, மெக்கானிக் வந்து தெர்மோஸ்டாட்டை மாற்றினார். பிறகு ஊர் ஊராகப் போகும் வேலை. கிராம செவிலியர் சாந்தியோடு, தூரத்துக் குக்கிராமம் ஒன்றுக்கு நானும் போனேன். சிவப்புக் குறி போட்ட புட்டியையும் பையில் போட்டுக்கொண்டேன். கேட்டால் காட்டலாமே என்றுதான்.

அங்கே வெள்ளச்சி என்று ஒரு பெண். சாமை அறுத்த நிலத்திலிருந்து நேராக வந்திருந்தாள். இடுப்பில் ஐந்து மாதப் பெண் குழந்தை. சாந்தி சொல்லி முடிக்கவில்லை, சத்தம் போட்டாள். "போன ஊசிக்கே ரெண்டு நாளு காய்ச்சலு. தூக்கிக்கினே குந்தியிருந்தேன். இப்ப அது வேலைக்கு ஆவாதுன்றீங்க. இன்னாங்க இது?"

"மருந்து உறைஞ்சிபோச்சும்மா. நாங்க பாத்துட்டோம். அதான் திரும்பப் போட வந்திருக்கோம்" என்றேன்.

"இதுவும் அப்டி ஆயிருந்தா? இன்னொருக்கா வந்து இதே பாட்டத்தான் பாடுவீங்க."

நியாயமான கேள்வி. போனில் சேமித்துவைத்திருந்த கோட்டை எடுத்துக் காட்டினேன். இப்போது ஓரத்தில் எண்களோடு, நேராக வரைந்தது. அவள் பார்த்தாள். "கோடு எனக்கு இன்னா தெரியும்?" என்று தள்ளிவிட்டாள்.

பையிலிருந்து சிவப்புப் புட்டியை எடுத்தேன். சாந்தியின் குளிர்டப்பாவிலிருந்து புதுப் புட்டி ஒன்றை வாங்கினேன். இரண்டையும் அவள் கையில் கொடுத்தேன். "சிவப்பு போட்டது கெட்டது. இன்னொன்னு இன்னிக்குப் போடப்போறது. நீயே குலுக்கு."

குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தாள். ஒரே கையில் இரண்டையும் பிடித்துக் குலுக்கினாள். சாதாரணமாக இல்லை, புளியமரத்தை உலுக்குவதுபோல. அங்கிருந்த கல்லின்மேல் வைத்துவிட்டு எதிரே குந்தினாள். மற்ற பெண்களும் சுற்றிக் குனிந்தார்கள். சிவப்புப் புட்டியில் துகள் இறங்கியது. மேலே தண்ணீர் தெளிந்தது. பக்கத்துப் புட்டி பாலாகவே நின்றது. அவள் அவசரப்படவில்லை. கன்னத்தில் கைவைத்து இன்னும் காத்திருந்தாள். எங்கே தான் பார்க்காதபோது அதுவும் இறங்கிவிடுமோ என்பதுபோல.

"இதா என் பிள்ளைக்குப் போட்டது?" என்று சிவப்பை விரலால் தொட்டாள்.

"அதே மாதிரிதாம்மா."

எழுந்து குழந்தையை வாங்கினாள். மடியில் போட்டு, தொடையைத் துணியிலிருந்து எடுத்துவிட்டு, "போடுங்க" என்றாள். குழந்தை ஊரே கேட்கக் கத்தியது.

நாங்கள் கிளம்பும்போது கூப்பிட்டாள். "அந்தச் செவப்பு போட்ட புட்டிய இங்கியே வுட்டுட்டுப் போங்க."

"எதுக்கும்மா?"

"அடுத்த தபா நீங்க வர்றப்ப இன்னா கொண்டாறீங்கன்னு பாக்கத்தான்."

தர முடியாது, விதி இல்லை என்றேன். அடுத்த முறையும் கட்டாயம் கொண்டுவருவதாகச் சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் அடுத்த மாதம் சாந்தி அந்த ஊருக்குப் போனபோது, ஊசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்கள் முதலில் கையை நீட்டி, சிவப்புப் புட்டியையும் அன்று போடப்போகும் புட்டியையும் கேட்டார்களாம். குலுக்கிக் கல்லின்மேல் வைத்துவிட்டு, வெள்ளச்சி மற்றவர்களைப் பார்த்து, "யாரும் பேசாதீங்க, எறங்குதா பாப்போம்" என்றாளாம்.